பாலைவன ஊரில் கிடைத்த வெண்கலம்: நம் நாட்டுப் பெண்களின் ஐஸ் ஹாக்கி

2025 ஜூன் முதல் வாரத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டி நடந்தது. வெளியே வளைகுடாவின் கோடை வெயில், உள்ளே உறைந்த பனித்தரை. அந்தப் பனித்தரையில் இந்தியப் பெண்கள் அணி மூன்றாம் இடம் பிடித்து வெண்கலப் பதக்கம் பெற்றது. சர்வதேசப் போட்டியில் இந்திய மகளிர் அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் இதுதான். கிரிக்கெட் செய்திகளுக்கு நடுவே நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது எட்டியிருக்கும் என்பது சந்தேகம்தான்.

அடையாறு பகுதியில் பெண் பிள்ளைகளுக்கு நடத்தும் வார வகுப்பில் ஒரு மாணவி, "ஹஜ்ரத், ஐஸ் ஹாக்கியில நம்ம பொண்ணுங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். எழுந்து கேட்கத் தயங்கி, பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. இருக்கிறார்கள். அதை விவரமாகச் சொன்னால் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை.

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்வோம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நாம் பார்க்கும் ஹாக்கிக்கும் இதற்கும் மட்டையும் கோலும்தான் பொது. இங்கே பந்து கிடையாது. 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. விட்டம் ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், கனம் இரண்டரை சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம். ஒரு அணிக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர் தரையில் இருப்பார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று கட்டங்கள். தளம் சுமார் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் வரை அகலம். சுற்றிலும் பலகைத் தடுப்பு உண்டு. வட்டு அதில் மோதித் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது.

இதை முதல்முறை பார்ப்பவர்களைக் குழப்புவது ஆளை மாற்றும் விதம்தான். முழு வேகத்தில் சறுக்குவது உடலை அப்படிப் பிழிந்துவிடும் என்பதால், ஒருவர் தொடர்ந்து முக்கால் நிமிடம் அளவுக்கே தரையில் இருப்பார். பிறகு தடுப்பைத் தாண்டி வெளியே வருவார், இன்னொருவர் உள்ளே குதிப்பார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும். தவறு செய்தவர் பெரும்பாலும் 2 நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். எதிராளியை உடலால் இடித்துச் சாய்ப்பது ஆண்கள் ஆட்டத்தில் வழக்கம். மகளிர் ஆட்ட விதிகள் அதை வெகுவாகக் கட்டுப்படுத்தியுள்ளன. அதனால் பெண்கள் ஆட்டத்தில் வட்டைக் கடத்தும் நுட்பம் கூடுதலாகத் தெரியும். எனக்குப் பார்க்கப் பிடித்ததும் பெண்கள் ஆட்டம்தான் என்று சொல்ல நினைத்தேன். ஒரு மௌலவி அப்படிச் சொன்னால் வேறு விதமாகப் புரிந்துகொள்வீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

உடை விஷயத்துக்கு வருவோம். பெண் பிள்ளை விளையாட்டு என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி அதுதான், நியாயமான கேள்வியும்கூட. ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரரின் உடை என்ன? தலைக்கு ஹெல்மெட். பெண்களுக்கு முகத்தை முழுவதும் மறைக்கும் கம்பி வலையோ கண்ணாடித் தடுப்போ கட்டாயம். கழுத்துக் காப்பு, தோள்காப்பு, முழங்கைக் காப்பு, அதன் மேல் தொளதொளவென்ற நீளக்கை ஜெர்சி. இடுப்பிலிருந்து தொடை வரை பஞ்சு வைத்த தடித்த கால்சட்டை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை காப்பு, அதன் மேல் தடித்த காலுறை, கைக்குக் கையுறை. அந்தக் கோலத்தில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. வட்டும் சறுக்குக் கத்தியும் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்த உடை இது. மார்க்கத்துக்காக யாரும் தைத்ததல்ல.

மற்ற விளையாட்டுகளில் இது பெரிய சண்டையாக இருந்தது. தலைத்துணியோடு ஆடுவதற்குக் கால்பந்தின் உலக அமைப்பு 2014இல்தான் முறையாக அனுமதி தந்தது. கூடைப்பந்தில் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐஸ் ஹாக்கியில் ஹெல்மெட்டுக்கு உள்ளே மெல்லிய தலைத்துணி கட்டுவது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ஈரான் பெண்கள் அணி அப்படித்தான் ஆடுகிறது. அவர்கள் ஆசிய அளவில் பதக்க மேடை ஏறியவர்கள். அமீரகத்தின் ஃபாத்திமா அல் அலீயை 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி அழைத்து, ஒரு போட்டியின் தொடக்கத்தில் சம்பிரதாயமாக வட்டைப் போட வைத்தது. ஹிஜாபோடு அந்தப் பனித்தரையில் நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

உடை சரியாகிவிட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பயணம், உடன் செல்பவர்கள், பயிற்சியாளர் யார், பார்வையாளர்கள் யார், தொழுகை நேரம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பெரும்பாலான பெற்றோர் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி 'கூடாது' என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை வென்றார்கள், பிறகு ஒருமுறை தோற்றார்கள். அபூதாவூதில் பதிவான இந்தச் செய்தியைத் திருமண பயான்களில் கணவன் மனைவி அன்புக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அதில் ஒரு பெண்ணின் உடல் வலிமையும் இருக்கிறது என்பதை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனி லடாக். இந்திய மகளிர் அணியின் ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். அண்மைக் காலமாக இமாச்சலின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலிருந்தும் வருகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி லடாக் மக்களில் சுமார் 46 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். கார்கில் பக்கம் நாம் பெரும்பான்மை, லே பக்கம் பௌத்தர்கள் பெரும்பான்மை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் டிசம்பர் கடைசியில் குளங்கள் உறையத் தொடங்கும். கர்சூ குளம் அதில் பெயர் பெற்றது. ராணுவத்தினர் அங்கே ஆடியதைப் பார்த்து ஊர் இளைஞர்கள் கற்றார்கள். பெண்களுக்கு வழி திறந்ததில் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் 1988இல் தொடங்கிய செக்மோல் என்ற கல்வி இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே மாணவிகளும் சறுக்குக் காலணி கட்டினார்கள்.

இயற்கைத் தளம் தயாராவதே ஒரு வேலை. இரவில் கடுங்குளிரில் தண்ணீரை மெல்லிய படலமாக ஊற்ற வேண்டும். அது உறைந்ததும் அடுத்த படலம். பகலில் ஆட்டம் நடந்து கீறல் விழுந்தால் மறுபடியும் இரவில் தண்ணீர். இப்படிக் கிடைக்கும் பனி ஆண்டுக்கு இரண்டு மாதம் நிலைத்தால் அதிகம். அந்த இரண்டு மாதத்திலும் ஆண்கள் ஆடி முடித்த பிறகுதான் பெண்களுக்கு இடம் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. குளிர்காலம் சுருங்கி வருவது இப்போது கூடுதல் கவலை.

இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989லேயே உலக அமைப்பில் உறுப்பினராகிவிட்டது. பெண்கள் அணி முதல்முறையாகச் சர்வதேசப் போட்டிக்குப் போனது 2016இல், தைபே நகருக்கு. அந்தப் பயணத்துக்குப் பொதுமக்களிடம் இணையவழியில் நிதி திரட்ட வேண்டியிருந்தது. வெற்றி எதுவும் இல்லாமல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். அதுதான் முதல் வெற்றி. இந்தப் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் வென்ற அணியின் தேசிய கீதத்தை ஒலிக்கச் செய்வார்கள். தேசிய சீருடை அணிந்தும் அதுவரை பனித்தரையில் தங்கள் நாட்டின் கீதத்தைக் கேட்காதவர்கள் அவர்கள். 2018 ஜனவரியில் கனடாவின் ஒலிம்பிக் வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்து பயிற்சி தந்தார். அதே ஆண்டு நவம்பரில் கால்கரியில் நடத்தும் தம் போட்டிக்கு இந்த அணியை அழைத்தார்.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்த அணியின் கோல் வலையைக் காத்தவர்களில் ஒருவர் நூர் ஜஹான், லடாக்கைச் சேர்ந்த முஸ்லிம் பெண். கோல்கீப்பர் வேலை எல்லாவற்றிலும் கடினமானது. மற்றவர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்க, இவர் மட்டும் 60 நிமிடமும் நிற்க வேண்டும். வட்டு பாய்ந்து வரும்போது விலகுவதுதான் மனித இயல்பு. இவர் அதன் குறுக்கே உடலை வைக்கப் பழக வேண்டும்.

அவருடைய மற்றொரு தொழில் என்னை இன்னும் ஈர்த்தது. அவர் கலைப்பொருள் பாதுகாப்பு படித்தவர். உறவுப் பெண்ணான வஜீதா தபஸ்ஸுமோடு சேர்ந்து 'ஷெஸ்ரிக் லடாக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். லடாக்கின் பழைய சுவர் ஓவியங்களையும், தங்கா எனப்படும் துணி ஓவியங்களையும் பழுது பார்ப்பது அந்த நிறுவனத்தின் பணி. அந்த ஓவியங்கள் பெரும்பாலும் பௌத்த மடங்களுக்கும் பௌத்தக் குடும்பங்களுக்கும் உரியவை. அவர்கள் தங்கள் பொக்கிஷத்தை ஒரு முஸ்லிம் பெண்ணின் கையில் நம்பிக் கொடுக்கிறார்கள். கல்லூரியில் கலைப் பிரிவு படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி ஆர்வம். உதிரும் வண்ணத்தை ஊசிமுனை அளவு ஊசிமுனை அளவாக ஒட்ட வைக்கும் அதே விரல்கள், குளிர்காலத்தில் தடித்த கையுறைக்குள் வட்டைப் பிடிக்கின்றன.

ஆட்டக்காரிகளின் வாழ்வாதாரம் என்ன? இந்திய–திபெத் எல்லைக் காவல் படை மகளிர் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றை வைத்திருக்கிறது. தேசிய அணியில் பலர் அந்தப் படையின் வேலையில் இருப்பவர்கள். மற்றவர்கள் படிப்பு, சுற்றுலா வேலை, வீட்டு வயல் என்று பிழைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆட்டத்துக்காகவே மாதச் சம்பளம் தரும் மகளிர் லீக் இந்தியாவில் இல்லை.

பனித்தளமும் அப்படித்தான். முழு அளவுச் செயற்கைத் தளமாக டேராடூனில் ஹிமாத்ரி அரங்கம் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. இடையில் வீராங்கனைகள் குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் சிறிய தளத்தில் பழகினார்கள். வெளிநாட்டுத் தளங்களுக்கும் போனார்கள். செயற்கைத் தளம் என்றால் கான்கிரீட்டுக்கு உள்ளே நெருக்கமாகக் குழாய்கள் ஓடும். அவற்றில் உறையாத குளிர்திரவம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பனி. இயந்திரத்தை நிறுத்தினால் தளம் குளமாகிவிடும். ஆக இது மின்கட்டணத்தின் விளையாட்டு. அல் ஐன் பாலைவனத்தில் முடிகிறது, டேராடூன் மலையடிவாரத்தில் முடியவில்லை என்றால் காரணம் வானிலை இல்லை.

சென்னைக்குப் பனி புதிதல்ல. மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் திருவல்லிக்கேணி நோக்கிப் போனால் விவேகானந்தர் இல்லம் வரும். அதைத்தான் நம் மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிப்பாளங்களை, ஃபிரடெரிக் டியூடரின் கம்பெனி பாஸ்டனிலிருந்து கப்பலில் மரத்தூள் பொதிந்து கொண்டுவந்து, 1840களில் கட்டிய அந்தக் கட்டடத்தில் சேமித்தது. வெள்ளைக்காரத் துரைமார்களின் பானத்துக்காகப் பாதி உலகம் சுற்றிப் பனி வந்த ஊர் இது. இன்று ஈஞ்சம்பாக்கத்தில் குழந்தைகள் பனியில் விளையாட ஒரு பொழுதுபோக்குக் கூடம் இருக்கிறது. ஹாக்கி ஆடும் அளவுக்குத் தளம் இல்லை.

சம்பளம் வாங்கி ஆடும் நாடு எப்படி இருக்கும்? ரஷ்யாவைப் பார்க்கலாம். அங்கே 2015 முதல் மகளிர் ஹாக்கி லீக் என்ற தொழில்முறைப் போட்டி நடக்கிறது. ஆண்களின் பெரிய லீக்கான கே.எச்.எல்.தான் அதையும் நடத்துகிறது. பத்துக்கும் குறைவான அணிகள். வீராங்கனைகள் ஒப்பந்தத்தில் ஆடுகிறார்கள். பனித்தளமும் பயிற்சியாளர்களும் ஆண்டு முழுக்க உண்டு. சிறு வயதிலேயே விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்துவிடும் பழக்கம் சோவியத் காலத்திலிருந்து வருவது.

அந்த லீக்கின் வலுவான அணிகளில் ஒன்று உஃபா நகரத்தின் அகிதேல். பலமுறை பட்டம் வென்ற அணி. உஃபா என்ற பெயரை நம்மில் சிலர் வேறு வகையில் கேள்விப்பட்டிருக்கலாம். பாஷ்கிர் முஸ்லிம்களின் தாயகமான பாஷ்கோர்தொஸ்தானின் தலைநகரம் அது. பேரரசி இரண்டாம் கேத்தரின் 1788இல் பிறப்பித்த ஆணையால் ரஷ்ய முஸ்லிம்களுக்கான முஃப்தி சபை அமைந்ததும் அந்த ஊரில்தான். அகிதேல் என்பது ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பாஷ்கிர் பெயர். வெள்ளை ஆறு என்று பொருள். அதே ஊரின் ஆண்கள் அணிக்கு 18ஆம் நூற்றாண்டு பாஷ்கிர் வீரர் ஸலவாத் யூலாயெவின் பெயர். ஆம், நாம் ஓதும் அதே ஸலவாத்தான். ரஷ்யத் தேசிய அணியின் முன்னணி ஆட்டக்காரியான ஓல்கா சோசினா பக்கத்துத் தாத்தர்ஸ்தானின் அல்மெத்யெவ்ஸ்க் ஊரில் பிறந்தவர். 2018, 2022 ஒலிம்பிக்குகளில் ஆடிய ஃபனூஸா காதிரோவாவின் குடும்பப் பெயருக்குள் 'காதிர்' இருக்கிறது. பெயரை வைத்து யாருடைய ஈமானையும் நாம் அளக்க முடியாது. அந்தப் பகுதிகளின் வரலாறு பெயர்களில் தங்கியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ரஷ்யப் பெண்கள் உலகப் போட்டியில் எட்டியது மூன்றாம் இடம்தான்: 2001, 2013, 2016. 1990இல் தொடங்கிய உலகப் போட்டியில் கனடாவையும் அமெரிக்காவையும் தவிர வேறு எந்த நாடும் தங்கம் பெற்றதில்லை. 2014இல் தங்கள் மண்ணில், சோச்சி ஒலிம்பிக்கில் ஆறாம் இடம். ஊக்கமருந்து விவகாரத்தில் அந்த முடிவும் 2017 டிசம்பரில் ரத்தானது. 2018இல் நான்காம் இடம், 2022 பெய்ஜிங்கில் ஐந்தாம் இடம். பெய்ஜிங்கில் கனடாவோடு ஆடியபோது கொரோனா பரிசோதனை முடிவுகள் வந்து சேராததால், இரு அணியினரும் ஹெல்மெட் வலைக்கு உள்ளே முகக்கவசம் போட்டு ஆடினார்கள். மூச்சு வாங்கும் அந்த ஆட்டத்தில் அது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில் உக்ரைன் மீது போர். 2022 பிப்ரவரி 28 அன்று உலக ஐஸ் ஹாக்கி அமைப்பு ரஷ்யாவையும் பெலாரஸையும் தள்ளிவைத்தது. அதன் பிறகு ரஷ்யப் பெண்களுக்கு உள்நாட்டு லீக் மட்டும்தான் மிச்சம். 2026 ஒலிம்பிக்கிலும் அவர்களுக்கு இடம் இல்லை. போரை முடிவு செய்தது 20 வயதுப் பெண்கள் இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2023 ஜனவரியில் உக்ரைனின் துருஷ்கிவ்கா ஊரில் ஒரு பனி அரங்கமே ஏவுகணை விழுந்து அழிந்தது. அங்கே பழகிய பிள்ளைகளும் எதையும் முடிவு செய்தவர்கள் இல்லை. என்னைக் கேட்டால், அந்த அரங்கம் இடிந்து கிடக்கும்போது தடையை நீக்கு என்று கேட்க வாய் வராது.

நம்மூர்ப் பெற்றோருக்கு ஒரு நடைமுறைச் செய்தி சொல்ல வேண்டும். தி.நகர், அடையாறு பக்கம் மாலையில் சக்கரக் காலணி கட்டிப் பழகும் சிறுமிகளைப் பார்த்திருப்பீர்கள். பனிச் சறுக்கலின் அடிப்படை அதுதான். உடலைத் தாழ்த்தி நிற்பது, ஒரு காலில் எடையை மாற்றுவது, விழக் கற்றுக்கொள்வது எல்லாம் இரண்டுக்கும் பொது. வரிசைச் சக்கரக் காலணியோடு ஆடும் ரோலர் ஹாக்கியும் இருக்கிறது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் 3000 மீட்டர் சக்கரச் சறுக்கு ரிலேயில் வெண்கலம் வென்ற நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் தமிழ்நாட்டவர். குளிரே இல்லாத ஊரிலிருந்து போனவர்கள்.

8 வயதில் இந்த வகுப்புகளில் சேரும் நம் பிள்ளைகள் 12, 13 வயதில் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள். காரணம் கேட்டால் "பெரிய பொண்ணாயிட்டா ஹஜ்ரத்" என்று உம்மாமார்கள் சொல்வார்கள். அந்த வயதுக்குப் பிறகுதான் எலும்பும் தசையும் உறுதிப்படுகின்றன என்பதையும், முழுக்கை உடையும் தளர்ந்த கால்சட்டையும் தலைத்துணியும் போட்டுச் சறுக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். பெண் பயிற்சியாளர் வேண்டும், பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும் என்று நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் பயிற்சி நடத்துபவர்கள் ஒதுக்கித் தருவார்கள். கட்டணம் கட்டுவது நாம்தானே. ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் நடக்காது. சக்கரக் காலணி வாங்கும்போது பிள்ளை வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள். கணுக்கால் பிடிப்பு இல்லாமல் விழுந்தால் எலும்பு முறியும். அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய காலணிகள் கிடைக்கின்றன. ஹெல்மெட்டுக்கு உள்ளே கட்டும் துணியைக் குண்டூசி குத்தாமல், தலையோடு ஒட்டித் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.